கம்ப்யூட்டருக்கு மண் தெரியுமா?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்குப் பக்கத்துக் கட்டடத்தை இடித்தாகிவிட்டது. ரீடெவலப்மென்ட். நான்கு மாடி நின்ற இடத்தில் 22 மாடி வரப்போகிறது. கார் நிறுத்தக் கீழே மூன்று அடுக்கு பேஸ்மென்ட். அதாவது எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி 10 மீட்டருக்குப் பள்ளம். பயம் வராமல் இருக்குமா? சொசைட்டி மீட்டிங்குக்கு வந்த பில்டர் தரப்பு ஆலோசகர் சுவரில் ஒரு வண்ணப் படத்தைப் போட்டுக் காட்டினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். "கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டோம், உங்கள் பக்கம் 12 மில்லிமீட்டர்தான் இறங்கும்" என்றார் இந்தியில்.

பாதிப் பேர் நிம்மதியாகிவிட்டார்கள். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதே! மீதிப் பேர் சிரித்தார்கள். கம்ப்யூட்டருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்?

இரண்டு கட்சியுமே தப்பு. இருபது வருஷமாக இந்த மாதிரிக் கணக்குகளோடு பிழைப்பு நடத்துகிறவன் என்பதால், அன்று வாய் திறக்காமல் இருந்ததற்குப் பிராயச்சித்தமாக இதை எழுதுகிறேன். இந்தத் துறைக்குக் கம்ப்யூட்டேஷனல் ஜியோமெக்கானிக்ஸ் என்று பெயர். தமிழில் கணினிவழி மண் விசையியல் என்று வைத்துக்கொள்ளலாம். மண்ணும் பாறையும் சுமை ஏறும்போது எப்படி நசுங்கும், வழுக்கும், இடியும் என்பதைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது. இதில் கணினி சுலபமான பாதி. மண்தான் கஷ்டமான பாதி. அதனால் மண்ணிலிருந்தே ஆரம்பிப்போம்.

காபிப் பொடி பாக்கெட்

ஓர் இரும்புக் கம்பி எவ்வளவு தாங்கும் என்று கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். ஒரு கைப்பிடி மண் எவ்வளவு தாங்கும் என்று கேட்டால் பதில் கிடையாது. எங்கே இருக்கிறது, மேலே என்ன சுமை, உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று திருப்பிக் கேள்விதான் கேட்க வேண்டும்.

ஏன்? காற்றை உறிஞ்சி அடைத்த காபிப் பொடி பாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். மாட்டுங்காவில் நாங்கள் கண்ணெதிரே அரைத்துத்தான் வாங்குவோம், இருந்தாலும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப அந்த பாக்கெட்தான் வசதி. செங்கல் மாதிரி இருக்கும். தட்டினால் டொக்டொக்கென்று சத்தம் வரும். மேல் ஏறி நிற்கலாம். கத்தரிக்கோலால் ஒரு மூலையை வெட்டுங்கள். உஸ் என்று காற்று உள்ளே போகிறது, அடுத்த நொடி பாக்கெட் தொளதொளவென்று ஆகிவிடுகிறது.

பொடி அதே பொடி. எடையும் அதே. மாறியது ஒன்றே ஒன்று. மூடியிருந்தபோது வெளிக்காற்று, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ வீதம், பாக்கெட்டை எல்லாப் பக்கமும் அழுத்திக்கொண்டிருந்தது. அந்த அழுத்தத்தில் துகள்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. உள்ளேயும் காற்று போனதும் பிடி விட்டுப் போச்சு.

மண்ணின் பலம் முழுக்க இந்தப் பிடியில்தான் இருக்கிறது. துகளுக்கும் துகளுக்கும் இடையில் உரசல். அழுத்தம் கூடினால் உரசல் கூடும், குறைந்தால் குறையும். பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலும், கோட்டைச் சுவர்களுக்கு மண் கொடுக்கும் தள்ளுவிசையைக் கணக்கிடும்போது இதைச் சொன்னார். கட்டுரை அச்சானது 1776-இல். மின்சாரப் பாடத்தில் வரும் அதே கூலும்தான்.

தண்ணீர் வாங்கிக்கொள்ளும் பங்கு

இப்போது காற்றுக்குப் பதில் தண்ணீரை வையுங்கள். நிலத்தடியில் துகள்களுக்கு இடையில் உள்ள சந்துகளில் தண்ணீர் நிற்கிறது. மேலிருக்கும் மண்ணின் எடையைத் துகள்களும் தண்ணீரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. சந்துகளில் உள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குத் துளைநீர் அழுத்தம் என்று பெயர். மொத்தச் சுமையிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது துகள்களின் பங்கு, அதற்குப் பெயர் பயனுறு தகைவு. தகைவு என்றால் ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை. மண்ணைப் பிடித்து வைத்திருப்பது இந்த மிச்சம் மட்டும்தான், ஏனென்றால் தண்ணீருக்கு உரசத் தெரியாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நீர் ஊறிய மண் ஒரு கன மீட்டர் சுமார் 2 டன். 10 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் மேல் 20 டன் சுமை. நிலத்தடி நீர் 4 மீட்டர் கீழே நின்றால், அந்த ஆழத்தில் தண்ணீரின் பங்கு 6 டன், துகள்களின் பங்கு 14 டன். நீர் தரை மட்டம் வரை ஏறிவிட்டால் தண்ணீரின் பங்கு 10, துகள்களுக்கு 10 தான். மேலே ஒரு செங்கல்கூடக் கூடவில்லை, மண்ணின் பிடி மட்டும் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போய்விட்டது. ஜூலையில் கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீரில் நடந்தவர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்தக் கழித்தல் கணக்கைத் தெளிவாகப் பிடித்தவர் ஆஸ்திரியப் பொறியாளர் கார்ல் டெர்சாகி. 1925-இல் ஜெர்மன் மொழியில் வந்த அவருடைய நூலோடுதான் மண் விசையியல் ஒரு தனித்துறையானது. இவ்வளவு எளிய கழித்தலுக்கு அத்தனை காலம் ஆனது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

படியைத் தட்டி அளந்தால்

அடுத்த விஷயம் கொஞ்சம் குசும்பானது. படியில் அரிசியைக் கொட்டி, விளிம்பில் தட்டினால் அரிசி இறங்கும். இன்னொரு பிடி போடலாம். தளர்வாகக் கிடக்கும் துகள்களை அசைத்தால் அவை நெருங்கி உட்காருகின்றன. அரிசிக்கு நடுவே காற்றுதான் இருக்கிறது, அது வெளியேறிவிடும். காற்றுக்குப் பதில் தண்ணீர் இருந்து, அது வெளியேற நேரமும் இல்லாவிட்டால்? துகள்கள் நெருங்கப் பார்க்கும், தண்ணீர் இடம் கொடுக்காது, துளைநீர் அழுத்தம் ஏறும். கழித்தல் கணக்குப்படி பயனுறு தகைவு இறங்கும். அசைக்க அசைக்க மண் பலவீனமாகும். 1964-இல் ஜப்பானின் நீகாத்தா நிலநடுக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பெரிதாக உடையாமல் அப்படியே சாய்ந்து படுத்தது இதனால்தான். அடியில் இருந்த மணல் சில நிமிஷம் கஞ்சியாகிவிட்டது.

இறுக்கமாகக் கிடக்கும் மண் இதற்கு நேர் எதிர். கிர்காவ் சௌபாட்டியில் அலை திரும்பிய ஈர மணலில் காலை வைத்தால், கால் சுற்றி மணல் சட்டென்று வெளிறி உலர்ந்த மாதிரி தெரியும். கால் பட்டால் தண்ணீர் மேலே பிதுங்க வேண்டும் அல்லவா, ஏன் உள்ளே போகிறது? ஏற்கெனவே நெருக்கமாக உட்கார்ந்த துகள்கள் நகர வேண்டுமானால் ஒன்றின் தோளில் ஒன்று ஏறித்தான் நகர முடியும். அப்போது சந்துகள் பெரிதாகின்றன, மேல்தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885-இல் இதை விளக்கினார். கடற்கரையில் நடந்தவர்கள் கோடிப் பேர், கேள்வி கேட்டது அவர்.

களிமண்ணில் நேரமும் சேர்ந்துகொள்கிறது. ஸ்ரீகண்ட் என்ற இனிப்பு செய்யத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்த சக்கா எடுப்பார்கள் இல்லையா, ஒரு ராத்திரி ஆகும். அவசரப்பட்டுப் பிழிந்தால் துணிதான் கிழியும். களிமண் மேல் கட்டடம் ஏறினாலும் சந்துத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வெளியேறும், அதற்கேற்ப நிலம் மெல்ல இறங்கும். களிமண் படலத்தின் கனம் இரட்டிப்பானால் வடிய நான்கு மடங்கு நேரம். மும்பை முழுக்கக் கருங்கல் பாறை, கவலையில்லை என்று சொல்கிறவர்கள் இங்கே உண்டு. எரிமலைக் குழம்பு உறைந்த பாறைதான், சந்தேகமில்லை. ஆனால் அதன் மேல் முரம் என்று இங்கே சொல்லும் உதிர்ந்த பாறை மண் இருக்கிறது. ஏழு தீவுகளுக்கு நடுவே தூர்த்த இடங்களிலும் கழிமுகங்களை ஒட்டியும் கடல் களிமண் இருக்கிறது. பாறை எத்தனை அடியில் வரும் என்பது அடுத்தடுத்த இரண்டு மனைகளிலேயே மாறும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்ப்போம். மண்ணின் பலம் துகள்களின் பிடி. அந்தப் பிடியைத் தண்ணீர் தளர்த்தும். நகர்த்தும்போது தளர்வான மண் சுருங்கப் பார்க்கும், இறுக்கமான மண் விரியப் பார்க்கும், அதனால் தண்ணீரின் அழுத்தமே மாறிவிடும்.

புள்ளிக் கோலம்

சரி, இப்போது கணினிக்கு வருவோம். பள்ளம், சுவர், பக்கத்துக் கட்டடம், அடியில் நாலு வகை மண். இதை ஒரே சமன்பாட்டில் அடைக்க யாராலும் முடியாது. அதனால் நிலத்தைப் பக்கவாட்டில் வெட்டியது போல ஒரு படம் வரைந்து, அதன் மேல் புள்ளிக் கோலம் போடுகிறோம். புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் சின்னச் சின்னக் கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு மண் துண்டு. இதற்கு ஃபைனைட் எலிமென்ட் முறை என்று பெயர். கட்டத்தைக் கூறு என்றும் புள்ளியைக் கணு என்றும் சொல்வார்கள். 1950-களில் விமானச் சிறகுகளின் கணக்குக்காக வளர்ந்த முறை இது. பெயர் வைத்தவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே கிளஃப், 1960-இல். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மண் அணைகளுக்கும் வந்துவிட்டது.

ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் விஷயம் சுலபம். அதன் மூலைகள் இவ்வளவு நகர்ந்தால் அது எவ்வளவு எதிர்த்துத் தள்ளும் என்று சொல்லிவிடலாம், ஸ்பிரிங் மாதிரி. ஆனால் ஒரு புள்ளி நகர்ந்தால் அதைத் தொடும் நாலு கட்டமும் தள்ளும். எல்லாத் தள்ளலும் மேலே உள்ள எடையும் சேர்த்து ஒவ்வொரு புள்ளியிலும் கணக்கு டேலி ஆக வேண்டும். 5,000 புள்ளி இருந்தால், ஒவ்வொன்றும் குறுக்கே ஒரு நகர்வு, மேல்கீழாக ஒரு நகர்வு என்று 10,000 தெரியாத எண்கள். அத்தனையும் ஒரே சமயத்தில் தீர வேண்டும். கணினி செய்வது இந்தக் கணக்கப்பிள்ளை வேலை. அதில் அதற்கு ஈடே இல்லை.

கோலம் போடுகிறவர்களுக்குத் தெரியும், வளைவு நுணுக்கமாக வரும் இடத்தில் புள்ளி நெருக்கமாக வைக்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான். பள்ளத்தின் ஓரத்தில் நெருக்கம், தள்ளிப் போகப் போக அகலம். பள்ளம் தோண்டுவதையும் ஒரேயடியாகச் செய்ய மாட்டோம். இரண்டு வரிசைக் கட்டத்தை அழித்து, ஓர் இரும்பு முட்டு வைத்து, டேலி ஆகிறதா பார்த்து, அடுத்த இரண்டு வரிசை. உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ருசி பார்ப்பது மாதிரி.

கட்டத்துக்குள் என்ன எழுதுவது?

இவ்வளவும் சொல்லும்போது ஓர் இடத்தில் நான் நழுவிவிட்டேன், கவனித்தீர்களா? "எவ்வளவு எதிர்த்துத் தள்ளும் என்று சொல்லிவிடலாம்" என்றேன். யார் சொல்வது? நாம்தான். இந்த மண் இவ்வளவு நசுக்கினால் இப்படி நடந்துகொள்ளும் என்ற விதியை மனிதன் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைத்தான் மண் மாடல் என்கிறோம். இத்துறைப் பேராசிரியர்கள் வாழ்நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் இந்த விதியைத்தான் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

விதி ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது? மண்ணுக்கு ஞாபகம் உண்டு. இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் ஒருவர் படுத்த இடத்தில் குழந்தை படுத்தால் மெத்தை அசையாது. அவரைவிடக் கனமானவர் படுத்தால்தான் புதிதாக அமுங்கும். களிமண்ணும் முன்னே எவ்வளவு சுமை தாங்கியது என்பதை மறப்பதில்லை. கேம்பிரிட்ஜில் ரோஸ்கோவும் அவருடைய சகாக்களும் 1950, 60-களில் இந்த ஞாபகத்தையும், சுருங்குவது விரிவது இரண்டையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தார்கள். அந்த ஊரில் ஓடும் கேம் ஆற்றின் பெயரால் அந்த மாடலுக்குக் கேம் களிமண் என்று பெயர்.

நம் ஊரோடு தொடர்புள்ள ஒருவரையும் சொல்ல வேண்டும். சந்திரகாந்த் தேசாய், 1959-இல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். அமெரிக்கா போய் ஆஸ்டினில் 1968-இல் முனைவர் பட்டம், அப்புறம் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்கில் ராணுவப் பொறியாளர்களின் ஆய்வு நிலையம், வர்ஜீனியா, கடைசியில் அரிசோனா பல்கலைக்கழகம். 1972-இல் விக்ஸ்பர்கில் அவர் முன்னின்று நடத்திய கருத்தரங்கிலிருந்துதான் இத்துறையின் சர்வதேச மாநாடுகள் வரிசையாக வரத் தொடங்கின. அவர் பெயரோடு சேர்ந்து வரும் கருத்தை ஒரு வெல்லக் கட்டியால் விளக்கிவிடலாம். கட்டியை உரலில் போட்டு இடிக்கும்போது, நடுவழியில் நிறுத்திப் பாருங்கள். பாதி கட்டியாகவே இருக்கும், பாதி தூளாகியிருக்கும். மொத்தமும் எப்படி நடந்துகொள்ளும் என்பது கட்டியின் குணமும் தூளின் குணமும் கலந்தது. இடிக்க இடிக்கத் தூளின் பங்கு ஏறும். மண்ணும் பாறையும் குலையும்போது இந்தப் பங்கு பூஜ்யத்திலிருந்து ஒன்றை நோக்கி எப்படிப் போகிறது என்பதை விதியாக்கினார். கேட்கச் சின்ன யோசனை. ஆனால் அந்தப் பங்கை அளக்க ஆய்வகத்தில் மண் உருளைகளை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்க்க வேண்டும், ஒன்றுக்கே சில சமயம் நாள்கணக்கில் ஆகும். வண்ணப் படத்துக்குப் பின்னால் இருப்பது அந்த நாட்கள்.

சுருக்கமாக: கட்டங்களைக் கூட்டுவது கணினி. கட்டத்துக்குள் இருக்கும் மண்ணை விவரிப்பது மனிதன். விவரணை தப்பானால், தப்பான மண்ணுக்குச் சரியான விடை வரும்.

சிங்கப்பூர், 2004 ஏப்ரல் 20

அப்படி ஒரு தடவை நிஜமாகவே நடந்தது. சிங்கப்பூரில் சர்க்கிள் லைன் ரயிலுக்காக நிக்கோல் ஹைவே பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். சுமார் 30 மீட்டர் ஆழம் போயிருந்தது, மென்மையான கடல் களிமண்ணில். இருபுறச் சுவர்களையும் இரும்பு முட்டுகள் தாங்கியிருந்தன. அன்று மதியம் முட்டுகள் வரிசையாக நொடித்தன, சுவர்கள் உள்வாங்கின, ஹைவேயின் ஒரு பகுதியே இடிந்து விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள்.

விசாரணைக் குழு சொன்ன காரணங்களில் முக்கியமானவை இரண்டு. முட்டும் சுவரும் சேரும் இணைப்பு பலவீனமாக வடிவமைக்கப்பட்டிருந்தது ஒன்று. இன்னொன்று கணினிக் கணக்கில் கொடுத்த மண் விவரணை. படி அரிசியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அந்தக் களிமண் நகரும்போது சுருங்கப் பார்க்கும் வகை. தண்ணீர் வெளியேற நேரமில்லை, ஆகவே துளைநீர் அழுத்தம் ஏறிப் பிடி தளரும். கணக்கில் போட்ட எளிய மாடலுக்கு இந்தக் குணமே தெரியாது. பிடி தளரவில்லை என்று வைத்துக்கொண்டு, களிமண்ணை அது இருந்ததைவிடப் பலமானதாகக் காட்டியது. சுவரில் விழும் விசையும் வளைவும் குறைவாக வந்தன. கணினி ஒரு கூட்டலில்கூடத் தவறவில்லை.

பிறகு எதைத்தான் நம்புவது?

அளவெடுப்பதை. நல்ல கணக்கு முதலில் நடந்து முடிந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும். இத்தாலியின் பீசா சாய்ந்த கோபுரத்தை நிமிர்த்தும்போது லண்டன் பேராசிரியர்கள் ஜான் பர்லண்டும் டேவிட் பாட்ஸும் அதைத்தான் செய்தார்கள். 1173-இல் ஆரம்பித்த கோபுரம் நூற்றாண்டுகளாக எப்படிச் சாய்ந்து வந்ததோ அந்தச் சரித்திரத்தையே கணினியில் முதலில் வரவழைத்தார்கள். அது ஒத்துப்போன பிறகே, வடக்குப் பக்கம் அடியிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தாண்டித் தெற்கே எடுத்தால் ஆபத்து என்றும் கணக்கு காட்டிக்கொடுத்தது. கடைசியில் கோபுரம் அரை பாகை அளவுக்கு நிமிர்ந்தது. 2001 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். நடுவில் ஒவ்வொரு நாளும் சாய்வை அளந்துகொண்டேதான் இருந்தார்கள்.

நம் மும்பையில் 33.5 கிலோமீட்டர் மெட்ரோ மூன்றாம் வழித்தடம் கொலாபா பக்கத்திலிருந்து தாராவிக்கு அடியில் வந்து, மித்தி ஆற்றையும் கடந்து போகிறது. அது தோண்டிய காலத்தில் பழைய கட்டடச் சுவர்களில் பளபளவென்று சின்னக் கண்ணாடிகள் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கலாம். கட்டடம் மில்லிமீட்டர் கணக்கில் அசைந்தாலும் அதை வைத்துக் கருவி பிடித்துவிடும். கணக்கு சொன்னதைவிட அதிகம் அசைந்தால் வேலையை நிறுத்தி, மாடலைத் திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான் முறை.

சரி, எங்கள் சொசைட்டி கதை. ஆலோசகரின் அறிக்கையை நான் இரண்டு தடவை படித்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு மண் மாடலைப் பற்றி நாலு கேள்விகளோடு தயாராகப் போனேன். நான் ஆரம்பிப்பதற்குள், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்ற மூன்றாம் மாடி மாமா என் காதருகே குனிந்தார்.

"ஏம்ப்பா, இவா போர் போட்டு மண் எடுத்தது எந்த மாசம்?"

அறிக்கையைப் புரட்டினேன். "ஏப்ரல் மாமா."

"தண்ணி எத்தனை அடியில போட்டிருக்கா?"

"நாலு மீட்டர்."

"ஜூலைல நம்ம பம்ப் ரூம்ல நான் கைய விட்டா தண்ணி தொடறதேப்பா."

என் நாலு கேள்விகளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாமாவின் கேள்வியைக் கேட்டேன். ஆலோசகர் குறித்துக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து இன்னொரு வண்ணப் படம் வந்தது. அதில் எண் 19. முட்டுகளும் இரண்டு வரிசைக்குப் பதில் மூன்றாகியிருந்தன.